காலி வீதி நெரிசலில் 13.5 வோல்ற்று: பஞ்சிகாவத்தை மின்வேலைத்தளம் ஒன்றைப் பற்றி

கொழும்பு வெள்ளவத்தையில் மாலை ஆறு மணி நெரிசலில் கார் நின்றுகொண்டிருக்கும்போது, ஏசியும் முன்விளக்குகளும் ஒலித்தொகுதியும் ஒருசேர இயங்க, டாஷ்போர்டில் நான் பொருத்தியிருக்கும் சிறு வோல்ற்றுமானி 13.5 என்று காட்டுகிறது. சென்ற ஆண்டு இதே இடத்தில், இதே நேரத்தில், அது 11.7 என்று காட்டியது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் பஞ்சிகாவத்தையில் உள்ள ஒரு சிறிய மின்வேலைத்தளம் செய்துகொடுத்த வேலையைப் பற்றியே எழுதுகிறேன். வேலை நல்ல வேலை. கொடுத்த பணத்துக்கு மனக்குறை இல்லை. சில குறைகளும் உண்டு. அவற்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

வேலைத்தளத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. கையில் இருக்கிற வேலையை முடிப்பதற்கே ஆட்கள் போதவில்லை, பெயரைப் போட்டுக் கூட்டத்தைச் சேர்த்துவிட வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவருடைய விருப்பத்தை மதிக்க வேண்டியது என் கடமை. ஆனால் அவர் எதை, எந்த ஒழுங்கில், ஏன் செய்தார் என்பதை விரிவாக எழுதினால், காரில் பெரிய ஒலித்தொகுதி பொருத்த நினைப்பவர் தாம் போகும் எந்த இடத்தையும் அதைக் கொண்டு எடைபோட்டுப் பார்க்கலாம்.

என்னுடையது 2003 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, 1.5 லீற்றர் எஞ்சின். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் என்னைப் போன்ற பலரும் இருக்கிற காரையே பேணி, அதையே தமக்குப் பிடித்தபடி ஆக்கிக்கொண்டோம். நான் ஆக்கிக்கொண்டது அதன் ஒலியை. கதவு ஸ்பீக்கர்களுக்கு, சனல் ஒன்றுக்கு 75 வாற்று தரும் நான்கு சனல் அம்ப்ளிபயர் ஒன்று. டிக்கியில் இருக்கும், தாழ்ந்த ஒலிகளுக்கான 12 அங்குலச் சப்வூபருக்கு, 1000 வாற்றைத் தொடர்ந்து (ஆர்எம்எஸ்) தரும் கிளாஸ் டி வகை மோனோ அம்ப்ளிபயர் ஒன்று. தெருவை அதிரவைப்பது என் நோக்கம் அல்ல. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த ஊர்ப்பக்கத்தில் பிறந்தவன் நான். கோயில் வீதியில் நின்று தவில் கேட்டுப் பழகிய காது எனக்கு. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடுகள் பொழியும்போது இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் அடி நெஞ்சில் வந்து தட்ட வேண்டும். காரோடு வந்த ஸ்பீக்கரில் அந்த அடி வெறும் மரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். அதற்காகவே இத்தனை ஏற்பாடும்.

பொருத்திய முதல் வாரம் மனம் நிறைந்திருந்தது. பிறகு ஓர் இரவு மரைன் டிரைவில் வரும்போது, தொப்பியில் கழி விழும் ஒவ்வொரு தடவையும் டாஷ்போர்டு வெளிச்சம் மங்கி மங்கி எழுவதைக் கண்டேன். எதிரே இருந்த மதிலில் முன்விளக்கின் ஒளியும் தாளத்தோடு சேர்ந்து சுருங்கியது. ஒலியைக் கூட்டினால் மோனோ அம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்து, அது தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.

ஒலித்தொகுதியைப் பொருத்திய கடைக்கே போனேன். பற்றரி பழுது என்றார்கள், மாற்றினேன். குறை தீரவில்லை. பிறகு மின்னைச் சேமித்து உடனே வெளிவிடும் ஒரு ஃபரட் கொள்ளளவி ஒன்றை, நீல விளக்கும் எண் காட்டியும் கொண்ட உருளையை, டிக்கியில் பொருத்தினார்கள். அதற்கும் அதனோடு வந்த வயர்களுக்கும் 41,000 ரூபா கொடுத்தேன். விளக்கு மங்குவது சிறிது குறைந்தது போலத் தோன்றியது. அம்ப்ளிபயர் நிற்பது நிற்கவில்லை. உயர்தரத்தில் படித்த பௌதிகவியலை அன்று நினைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். ஒரு ஃபரட் கொள்ளளவி 14 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு இறங்கும்போது வெளிவிடும் சக்தி வெறும் 26 யூல். ஆயிரம் வாற்று கேட்கும் கருவிக்கு அது ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்கே போதும். கழி தொப்பியில் பட்ட கணத்தை அது தாங்கும், அந்த அடியின் கார்வையைத் தாங்காது. வெளிவிட்டதை மீண்டும் நிரப்புவதற்கும் மின்னோட்டம் அதே வயர் வழியாகவே வர வேண்டும். கொள்ளளவி கெட்ட பொருள் அல்ல. மின்னை உண்டாக்கும் இடத்திலும் கொண்டுவரும் வழியிலும் இருக்கும் குறையை அதனால் தீர்க்க முடியாது என்பதே அதில் உள்ள விடயம்.

இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பம்பலப்பிட்டியில் நெரிசலில் நின்று நகர்ந்து வந்து பெற்றோல் நிரப்ப எஞ்சினை நிறுத்திய பிறகு, கார் மீண்டும் இயங்க மறுத்தது. வாங்கி எட்டு மாதமே ஆன பற்றரி. நிலையத்துப் பையன்கள் இருவர் தள்ளி ஓரமாக விட்டார்கள். அங்கே முச்சக்கர வண்டியோடு நின்ற ஒருவர்தான் பஞ்சிகாவத்தையில் இந்த வேலைத்தளம் இருக்கும் ஒழுங்கையைச் சொல்லி அனுப்பினார்.

பஞ்சிகாவத்தையைப் பற்றி கொழும்பில் வாகனம் வைத்திருப்பவருக்கு அறிமுகம் தேவையில்லை. மருதானையை அடுத்த அந்த வீதிகளில் கழற்றிய எஞ்சின்களும் கதவுகளும் விளக்குகளும் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இந்த வேலைத்தளம் பெருவீதியில் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு கார்களை மட்டும் உள்ளே விடக்கூடிய நீளமான கொட்டில். உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு அண்மையில் இருக்கும். எல்லாரும் நானா என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பற்றரி மாற்றிய கதையையும் கொள்ளளவி பொருத்திய கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, பற்றரி வீட்டுக்கு மேல இருக்கிற டேங்க் மாதிரி. லைன்ல தண்ணி கொஞ்சமா வந்தா, டேங்க மாத்தி என்ன வேலை? முதல்ல அளந்து பார்ப்போம்.”

அந்த அளவெடுப்பே இந்த வேலைத்தளத்தை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அவர் எதையும் கழற்றவில்லை, எதையும் விற்க முயலவில்லை. எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார். எஞ்சினோடு சுழன்று மின்னை உண்டாக்கும் ஆல்டர்னேற்றர் குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக நடிக்கும், சூடேறிய பிறகுதான் அதன் உண்மையான வலு தெரியும் என்றார். பிறகு ஏசியை முழு வேகத்தில் போட்டு, முன்விளக்குகளை எரியவிட்டு, கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங் நிலையில், ஆல்டர்னேற்றரிலிருந்து வரும் தடித்த வயரைக் கிளாம்ப் மீற்றரின் தாடைக்குள் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். 44 அம்பியர். அந்த ஆல்டர்னேற்றரின் தகட்டில் எழுதியிருந்தது 80 அம்பியர். அது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் உச்ச அளவு. ஐட்லிங்கில் அதில் பாதி கிடைப்பதே பெரிய காரியம். அந்த 44 அம்பியரில் எரிபொருள் பம்பு, தீப்பொறி, ரேடியேற்றர் மின்விசிறி, ஏசி ஊதி, விளக்குகள் என்று கார் தனக்கென எடுத்துக்கொண்டது 37. என் தவிலுக்கு மிஞ்சியது 7 அம்பியர்.

இப்போது ஒலித்தொகுதியைப் போடச் சொன்னார். நான் வழக்கமாகக் கேட்கும் அளவில் இரண்டு அம்ப்ளிபயர்களும் சேர்ந்து சராசரியாக 28 அம்பியர் இழுத்தன. பலமான அடி விழும்போது 80 ஐத் தாண்டியது. சராசரியை மட்டும் எடுத்தாலும் 21 அம்பியர் பற்றாக்குறை. அது முழுவதும் பற்றரியிலிருந்தே போகிறது. அரைமணி நேரம் நெரிசலில் நின்றால் பத்து அம்பியர் மணி குறையும், என் பற்றரியின் மொத்தக் கொள்ளளவு 45. எஞ்சினைக் கிளப்புவதற்கென மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்ட பற்றரியை நாள்தோறும் இப்படி வடித்தெடுத்தால் அது ஓர் ஆண்டுகூட நிலைக்காது. பம்பலப்பிட்டியில் நடந்தது விபத்து அல்ல, கணக்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெடுஞ்சாலை நாட்டில் கார் ஒலித்தொகுதிக்கு எழுதப்படும் அறிவுரைகள் கொழும்புக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான். இங்கே நாம் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம், நிற்கும் நேரம் முழுவதும் ஏசியும் வேண்டும்.

அடுத்து வயர்கள். மல்ற்றிமீற்றரின் ஒரு முனையை எஞ்சின் உடலிலும் மற்ற முனையைக் காரின் உடல் தகட்டிலும் வைத்தார். ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டிய இடங்கள். பூச்சியத்துக்கு அண்மையில் காட்ட வேண்டும். 0.38 வோல்ற்று காட்டியது. ஆல்டர்னேற்றரின் முனைக்கும் பற்றரியின் நேர்முனைக்கும் இடையில் இன்னொரு 0.3. தகட்டோடு இணைக்கும், இருபது ஆண்டுகள் பழைய ஏர்த் வயர், கடற்காற்றில் பச்சை பூத்த முனைகள், இரவில் கடற்கரையோரம் நிறுத்தும் கார். மீதியை டிக்கியில் கண்டோம். அம்ப்ளிபயருக்கு ஓடிய, நான்கு கேஜ் தடிப்பு என்று சொல்லி எனக்குப் பொருத்தப்பட்ட சிவப்பு வயரின் நுனியை வெட்டி, பிளேட்டால் ஓர் இழையை மெல்லச் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறம் தோலாக உரிந்து வந்தது; உள்ளே வெள்ளி போல அலுமினியம். செம்பு முலாம் பூசிய அலுமினியம் அதே தடிப்புச் செம்பின் மின்கடத்துதிறனில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தராது. ஐந்து மீற்றர் நீளத்தில் 80 அம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே அரை வோல்ற்று கரைந்துபோகிறது.

இப்படி ஓர் இடத்தில் 0.3, இன்னோர் இடத்தில் 0.4, வேறோர் இடத்தில் 0.5 என்று சிந்துவது கேட்கும்போது சிறிதாக இருக்கும். ஆனால் பெரும்பாலான கார் அம்ப்ளிபயர்களின் வலு வரும் வோல்ற்றளவின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். 14.2 வோல்ற்றில் 1000 வாற்று தரும் கருவி 11.8 வோல்ற்றில் 700 வாற்றுக்கும் சற்றுக் குறைவாகவே தரும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் நல்ல வோல்ற்றளவில் எடுத்த எண். கார் அம்ப்ளிபயர்களுக்கான சிஇஏ-2006 நியமம் 14.4 வோல்ற்றில் அளக்கச் சொல்கிறது. குறைந்த வோல்ற்றளவில் அதே ஒலியை நாம் கேட்கும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, ஒலி கரகரப்பதோடு ஸ்பீக்கரின் சுருளும் சூடேறுகிறது. இன்னும் பெரிய அம்ப்ளிபயர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, இருக்கிற அம்ப்ளிபயரில் மூன்றில் ஒரு பங்கை நான் கேட்கவே இல்லை என்று தெரிந்த நாள் அது.

வேலையை அவர் இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதற்கட்டம் வயர்கள் மட்டும். ஆல்டர்னேற்றரிலிருந்து பற்றரியின் நேர்முனைக்கு ஒன்று, பற்றரியின் எதிர்முனையிலிருந்து காரின் தகட்டுக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து தகட்டுக்கு ஒன்று, பற்றரியிலிருந்து டிக்கி வரை ஒன்று. எல்லாம் 50 சதுர மில்லிமீற்றர் செம்பு. ஒலிக்கருவிக் கடைகளில் விற்கும் பளபளப்பான பூச்சிய கேஜ் வயரை அவர் வாங்கவில்லை. உருக்கி ஒட்டும் வேலைக்குப் பயன்படும் வெல்டிங் கேபிளை மீற்றர் கணக்கில் வாங்கி வந்தார். மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான செம்பு இழைகள், நன்றாக வளையும், தடிப்பில் பூச்சிய கேஜுக்கு ஏறக்குறைய சமம், விலையில் நிறையக் குறைவு. எஞ்சின் பகுதியில் ஓடும் துண்டுகளை நெளிவுக் குழாய்க்குள் இட்டு, கூர்மையான விளிம்பு வரும் இடங்களில் றப்பர் வளையம் வைத்தார். பழைய வயர்களை அகற்றவில்லை. புதியவற்றை அவற்றுக்குத் துணையாகவே ஓடவிட்டார்.

முனை பொருத்திய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலையின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. வயர் நுனியில் மாட்டும் உலோக முனையான கேபிள் லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்குவதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே கையால் இயக்கும் ஹைட்ரோலிக் அச்சில் வைத்து அறுகோணமாக அழுத்தினார்கள். அழுத்திய மாதிரித் துண்டு ஒன்றை வாளால் குறுக்கே அறுத்து என்னிடம் தந்தார் நானா. இழைகள் என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. லக்கும் வயரும் சேர்ந்து ஒரே செம்புக்கட்டியாக, நாணயம் போல மினுங்கியது. அந்தத் துண்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. ஏர்த் பொருத்தும் இடங்களில் வண்ணப்பூச்சை வெறும் உலோகம் தெரியும்வரை உராய்ந்து, பல்வளையம் வைத்து இறுக்கி, கடற்காற்று ஏறாதபடி மேலே வாஸ்லின் பூசினார்கள். பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் டிக்கி வயருக்கு 150 அம்பியர் பியூஸும், ஆல்டர்னேற்றர் வயருக்கு 200 அம்பியர் பியூஸும் வந்தன. முன்பு பொருத்திய கடையில் பியூஸை டிக்கியில், அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அங்கே வைத்தால் காரின் நீளம் முழுவதும் ஓடும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. இருக்கைக்கு அடியில் அந்த வயர் உராய்ந்து தகட்டில் பட்டால் பற்றரியின் முழு வலுவும் அங்கே இறங்கும். தீப்பிடிப்பதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. என் பிள்ளைகள் பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்கூடம் போன கார் அது. இதை எழுதும்போதும் மனம் பதறுகிறது.

முதற்கட்டம் முடிந்ததும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஓடும்போது டிக்கியில் 13.1 ஆக இருந்த வோல்ற்றளவு 13.8 ஆகியது, ஒலியில் அப்போதே இறுக்கம் வந்துவிட்டது. ஐட்லிங்கில் மட்டும் 12.4 ஐத் தாண்டவில்லை. வழி அகலமானதே தவிர, வரும் அளவு கூடவில்லை. வீட்டருகே குறைந்த தூரம் ஓடி, மிதமாகக் கேட்பவர்களுக்கு இதுவே போதும், அடுத்த கட்டத்துக்கு வரவே வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தன் வருமானத்தைக் குறைக்கக்கூடிய ஒரு சொல்லைத் தானாகவே சொல்லும் வேலைத்தளம் எனக்கு இதுவே முதல்.

இரண்டாம் கட்டத்தில், அதே நிறுவனத்தின் பெரிய வான் ஒன்றுக்குரிய, மறுசீரமைத்த 130 அம்பியர் ஆல்டர்னேற்றரை, அதைப் பிடிக்கும் தாங்கியையும் மாற்றிப் பொருத்தினார்கள். சிறிய கப்பி போட்டால் ஐட்லிங்கில் இன்னும் வேகமாகச் சுழலுமே என்று கேட்டேன். பெல்ற் பற்றிக்கொள்ளும் பரப்புக் குறைந்து, சுமை ஏறும்போதும் மழையில் நனையும்போதும் வழுக்கும் என்று மறுத்துவிட்டார். டிக்கியில் இரண்டாவது பற்றரி வைக்கலாமா என்ற கேள்விக்கும் மறுப்புத்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் பாட்டுக் கேட்பவருக்குத்தான் அது வேண்டும். ஓடும் காருக்கு அது நிரப்ப வேண்டிய இன்னொரு தொட்டி. வடிந்து வடிந்து நலிந்திருந்த என் பற்றரியைச் சுமைச் சோதனை செய்து காட்டி, அதே அளவில் புதியதொன்றை மட்டும் மாற்றினார்.

பெரிய ஆல்டர்னேற்றரின் விலை கடையோடு முடிவதில்லை என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். 14 வோல்ற்றில் 100 அம்பியர் என்றால் 1400 வாற்று. பெல்ற்றிலும் ஆல்டர்னேற்றரின் சுருள்களிலும் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் எஞ்சின் மூன்று குதிரைவலுவுக்கு மேல் தர வேண்டியிருக்கும். ஏசியும் சேரும்போது 1.5 லீற்றர் எஞ்சினில் அது தெரியவே செய்கிறது. பலமாகக் கேட்டுக்கொண்டு ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது சிறு தயக்கம் உண்டு.

இனிக் குறைகள். இரண்டு நாள் என்று சொன்ன இரண்டாம் கட்டம் ஐந்து நாள் ஆனது. தாங்கிக்கு வேண்டிய போல்ற் கிடைக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம், ஆனால் நான் அழைத்துக் கேட்கும்வரை எவரும் சொல்லவில்லை. வெல்டிங் கேபிள் எல்லாம் கறுப்பு; நேர்முனை வயருக்குச் சிவப்பு உறை போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அடுத்து இந்தக் காரைத் திறக்கும் வேறொருவர் எதையாவது மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லி, முனைகளில் சிவப்பு நாடா சுற்றுவித்தேன். மிக முக்கியமானது, அம்ப்ளிபயரின் ஏர்த்தை வேலைப் பையன் பின்னிருக்கைப் பட்டி பூட்டும் போல்ற்றில் இணைத்திருந்தான். ஆளின் உயிரைப் பிடிக்கும் போல்ற் அது; அதைக் கழற்றவோ அதற்கடியில் லக் வைக்கவோ கூடாது. நான் காட்டியதும் நானா அவனைக் கடிந்துகொள்ளாமல், ஏன் கூடாது என்று விளங்கப்படுத்தி, அதைப் பழையபடி இறுக்கி, டிக்கித் தளத்தில் புதிதாகத் துளையிட்டு மாற்றினார். தவறு நடந்தது, திருத்திய விதத்தில் எனக்கு மரியாதை கூடியது. முதல் நாள் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய சீழ்க்கை ஒன்று ஸ்பீக்கரில் கேட்டது. சமிக்ஞை வயரும் வலு வயரும் ஒரே பக்கமாக ஓடியதால் வந்தது அது. மறுநாள் கட்டணமின்றி ஒன்றை மற்றப் பக்கம் மாற்றித் தந்தார்கள்.

பற்றுச்சீட்டு கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆல்டர்னேற்றருக்கு மூன்று மாத உத்தரவாதத்தை வாயால் மட்டுமே சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்ட பிறகு சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்கள். செலவு, ஆல்டர்னேற்றர் 48,000, கேபிள், லக், பியூஸ் எல்லாம் சேர்ந்து 62,000, பற்றரி 32,000, கூலி 35,000, ஆக 177,000 ரூபா. மாற்றங்களை என் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தும்விட்டேன். தீயோ மோதலோ நேர்ந்த பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை.

எல்லாக் காருக்கும் இந்த வேலை பொருந்தாது. நான் அங்கே இருந்தபோது டொயோட்டா ஆக்குவா கார் வைத்திருந்த ஒருவர் இதே வேலையைக் கேட்டு வந்தார். அந்த வகை ஹைபிரிட் கார்களில் ஆல்டர்னேற்றரே கிடையாது. உயர் வோல்ற்றளவுப் பற்றரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ற்றைத் தருகிறது, அதன் எல்லை காரோடு வந்த எல்லை. சிறிய, திறன் கூடிய அம்ப்ளிபயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி நானா அவரை அனுப்பிவிட்டார். பற்றரியின் எதிர்முனையில் மின்னோட்ட உணரி பூட்டிய புதிய கார்களில் அம்ப்ளிபயரின் ஏர்த்தை நேரே பற்றரி முனையில் பூட்டக்கூடாது, தகட்டிலேயே பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் போகும் மின்னோட்டத்தைக் கார் கணக்கில் எடுக்காது என்பதும் அன்று அவரிடம் கேட்டு அறிந்தது.

வேலை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. எஞ்சினுக்கும் தகட்டுக்கும் இடையில் 0.38 ஆக இருந்தது இப்போது 0.03. ஓடும்போது 14.1, ஐட்லிங்கில் எல்லாம் போட்டபடி 13.5. சிவப்பு விளக்கு ஒருமுறையும் எரியவில்லை. சென்ற மாதம் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போனபோது, வவுனியாவுக்கு அப்பால் ஏ9 வீதியில் பிள்ளைகள் உறங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துத் தவில் தனி ஆவர்த்தனம் ஒன்று கேட்டேன். தொப்பியின் அடி ஒவ்வொன்றும் விழுந்து, விரிந்து, தன்பாட்டில் அடங்கியது. டாஷ்போர்டு வெளிச்சம் அசையவில்லை.

போக விரும்புபவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுவது நல்லது. பத்து மணிக்குப் பிறகு அந்த ஒழுங்கைக்குள் காரைத் திருப்ப இடம் இராது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மூடியிருக்கும். பொருத்திய மூன்றாம் மாதத்தில் ஒருமுறை கொண்டுவரச் சொல்வார்கள், தவறாமல் போங்கள்: என் காரில் புதிய பெல்ற் சற்றுத் தளர்ந்திருந்தது, எஞ்சின் ஏர்த் போல்ற் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது, அதற்குப் பணம் வாங்கவில்லை.